வெக்டரில் ரோமம், செதில், தோல் சுருக்கம்: நிஜமாகத் தெரிய என்ன செய்வது?

புதுக்கோடு

இல்லஸ்ட்ரேட்டர் என்ற வெக்டர் (கோடுகளாலும் வடிவங்களாலும் வரையும்) மென்பொருளில் ஒரு புலி முகம். நேர்ப்பார்வை, ஆர்ட்போர்டு 3000 பிக்சல் சதுரம், தலை மட்டும் 2000 பிக்சல் அகலம். அடியில் ஆரஞ்சுத் தளம், அதன்மேல் கறுப்பு வரிகள், எல்லாவற்றுக்கும் மேலே ஆர்ட் பிரஷ்ஷில் (ஒரு வடிவத்தைக் கோட்டின் நீளத்துக்கு இழுத்துப் போடும் தூரிகை) முடி. புலி வரவில்லை, முள்ளம்பன்றிதான் வருகிறது. வரிகள் தோலோடு ஒட்டாமல் தனியே நிற்கின்றன. முடி நாலாயிரத்தைத் தாண்டியதும் ஜூம் செய்தாலே திரை உறைந்துபோகிறது. பிளெண்டுக்கு (இரண்டு வடிவங்களுக்கு இடையே படிப்படியாக நிரப்புவது) மாறுவதா, மெஷ்ஷா (வலைப்புள்ளிகளில் நிறம் கலப்பது), இல்லை முடி இன்னும் போதவில்லையா?

வளைகோடு

முடி போதாமல் இல்லை. அதிகமாகிவிட்டது. எந்த டூல் என்பதைப் பிறகு பார்க்கலாம். அதற்கு முன் இரண்டு விஷயங்கள் தீர வேண்டும்: முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, ஒளியும் நிழலும் அடித்தளத்திலேயே முடிந்துவிட்டனவா.

முதலாவதற்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் திறந்து சிவப்பு அம்புக்குறிகளை வரைந்து பூட்டி வையுங்கள். பூனைக் குடும்பத்து முகத்தில் முடி மூக்கு நுனியின் தோலுக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி, மூக்குத்தண்டில் ஏறி நெற்றிக்குப் போகிறது. கண்ணின் உள்முனையிலிருந்து மேலாகவும் வெளியாகவும் விரிகிறது. கன்னத்தில் வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. நேர்ப்பார்வையில் நெற்றி மையத்து முடி நம்மை விட்டு விலகி ஓடுவதால் குட்டையாகத் தெரியும். உங்கள் 2000 பிக்சல் தலைக்கு மூக்குத்தண்டில் 15 முதல் 25 பிக்சல், நெற்றியில் 30 முதல் 50, கன்னத்துத் தொங்கலில் 80 முதல் 140 வரை நீளம் வைத்துப் பாருங்கள். முள்ளம்பன்றி வருவதற்குக் காரணம் இரண்டுதான். எல்லா முடியும் ஒரே நீளம். எல்லா முடியும் வெளிவரைக்குச் செங்குத்து. விளிம்பு முடி வெளிவரையை ஒட்டி 15 முதல் 30 டிகிரிதான் விலகி நிற்க வேண்டும். அதுவும் சுற்றிலும் ஒரே சீராக வேண்டாம். காதோரம், கன்னம், தாடை ஆகிய இடங்களில் மட்டும் வெளிவரையை உடைத்தால் போதும்.

இரண்டாவதற்கு ஒரு சோதனை. முடி லேயர்களை அணைத்துவிட்டு, படத்தைச் சாம்பல் நிறமாக்கி, 100 பிக்சல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதே புலி என்று தெரியாவிட்டால் எத்தனை முடி போட்டாலும் தெரியாது. முடி நிழலை உண்டாக்காது. ஏற்கெனவே இருக்கும் நிழலைத்தான் இழைகளாகப் பிரித்துக் காட்டும். அதனால் முடியின் நிறத்தை ஸ்வாட்சிலிருந்து எடுக்காமல், அந்த இடத்தின் அடித்தள நிறத்திலிருந்து எடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று நிறம்: தளத்தின் நிறம், எச்எஸ்பி ஸ்லைடரில் பிரகாசம் 12 முதல் 15 குறைத்தது, 10 கூட்டியது. மிக வெளிர்ந்த நிறம் பத்து முடிக்கு ஒன்றுக்கு மேல் போனால் மொத்த முகமும் நரைத்துவிடும்.

வரையும் வரிசையும் முக்கியம். முன்னால் இருக்கும் முடியின் நுனி, பின்னால் இருக்கும் முடியின் வேர்மேல் படுகிறது. ஆகவே காதோரத்திலும் கன்னத்திலும் தொடங்கி மூக்கில் முடியுங்கள். புதிதாக வரைவது எப்போதும் மேலே அமர்வதால் அடுக்கு தானாகச் சரியாகிவிடும். முழு உடலென்றால் வாலில் தொடங்க வேண்டும்.

கற்றைபிரஷ்

மேலே சொன்னதோடு ஒத்துப்போறேன். ஆனா நாலாயிரம் ஒற்றை முடி எதுக்கு? கற்றையா பிரஷ் செய்யுங்க.

பென் டூல்ல 100 பிக்சல் நீளம், அடியில 3 பிக்சல் அகலம், நுனி கூர்மை. ஒரு முடிக்கு மூணு ஆங்கர் பாயின்ட் போதும்: வேர்ல ரெண்டு, நுனில ஒண்ணு. சுத்தக் கறுப்பு ஃபில், ஸ்ட்ரோக் வேண்டாம். இதே மாதிரி அஞ்சு முதல் ஏழு முடி, நீளம் 60 முதல் 100 வரை கலந்து, வேர் பரந்தும் நுனிகள் ஒரு இடத்துல கூடுற மாதிரியும் அடுக்குங்க. பிரஷஸ் பேனலுக்கு இழுத்து ஆர்ட் பிரஷ், அம்பு வேர்லேருந்து நுனிக்கு, கலரைசேஷன்ல டின்ட்ஸ். வடிவம் கறுப்பா இருந்தாத்தான் டின்ட்ஸ்ல ஸ்ட்ரோக் நிறம் அப்படியே வரும். சாம்பல்ல செஞ்சீங்கன்னா வெளுத்துப்போகும். “பிரஷ் நிறம் சரியா வரல”ன்னு வர்ற புகார்ல பாதி இதுதான்.

இப்படி மூணு கற்றை செய்யுங்க: அடர்த்தியானது, இடைவெளி விட்டது, ரெண்டே முடி உள்ளது. ஒரே பிரஷ்ஷை வெச்சு நிரப்புனா அதே கற்றை திரும்பத் திரும்ப வர்றது கண்ணுக்குப் பட்டுடும். பிரஷ்குள்ள கிரேடியன்ட், பிளெண்ட், மெஷ், இன்னொரு பிரஷ் ஸ்ட்ரோக் எதையும் இல்லஸ்ட்ரேட்டர் ஏத்துக்காது. வேர் கருமை, நுனி வெளிச்சம் வேணும்னா முடியை ரெண்டு தட்டை நிறமா வெட்டி, அடிப்பகுதியைக் கறுப்பாவும் நுனியைச் சாம்பலாவும் வைங்க. டின்ட்ஸ் அதை ஸ்ட்ரோக் நிறத்தோட அடர், வெளிர் சாயலா மாத்திக்கும்.

படத்தை பிறகு சுருக்கப் போறீங்கன்னா, ப்ரிஃபரன்சஸ்ல ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ் டிக் ஆகியிருக்கான்னு பாருங்க. இல்லேன்னா படம் பாதியாகும், முடியோட தடிமன் அப்படியே நிக்கும்.

பிரிஸில் பிரஷ் பக்கம் போக வேண்டாம். பார்க்க ரோமம் மாதிரி இருக்கும். ஆனா ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் ஒளி ஊடுருவுற பல இழைகளோட அடுக்கு. அதுல 30 ஸ்ட்ரோக்கைத் தாண்டினாலே சேமிக்கும்போதும் அச்சுக்கு அனுப்பும்போதும் மென்பொருளே எச்சரிக்கும்.

வளைகோடு

கற்றையின் நுனி கூடுவது மிகச் சரி. அதோடு ஒன்று: இரண்டு கற்றைகளுக்கு நடுவே தெரியும் கரிய இடைவெளி தலைகீழ் முக்கோணமாக இருக்கும். முடியை வரைவதை விட்டுவிட்டு அந்த இடைவெளியை மட்டும் அடர் நிறத்தில் வரைந்து பாருங்கள். நூறு இடைவெளி ஆயிரம் முடியின் வேலையைச் செய்யும்.

வரிகள் பற்றி. புலியின் வரி என்பது முடிமேல் போட்ட வண்ணம் அன்று. அந்த இடத்து முடியே கறுப்பு. ஆகவே வரியின் இரண்டு விளிம்பும் ஒன்றுபோல் இருக்காது. முடி ஓடும் திசையில் பார்த்தால், வரியின் முன் விளிம்பில் ஆரஞ்சு முடியின் நுனி கறுப்பின்மேல் விழும். பின் விளிம்பில் கறுப்பு முடியின் நுனி ஆரஞ்சின்மேல் நீளும். முடியும் வரியும் ஒரே திசையில் ஓடும் இடங்களில் விளிம்பு ஏறக்குறைய சுத்தமாகவே இருக்கும். இதற்கு வரி வடிவத்தை அடித்தளத்திலேயே தட்டையாக வைத்துவிட்டு, மேலே இரண்டு வகை முடியையும் அந்தந்த விளிம்பில் தனித்தனியே போட வேண்டும். ரஃப்பன் எஃபெக்ட் போட்டுச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது திசை அறியாமல் உள்ளேயும் வெளியேயும் பல் பல்லாகத் தள்ளும். பாறைக்குச் சரி, ரோமத்துக்கு ஆகாது.

வரியின் நிறமும் சுத்தக் கறுப்பாக வேண்டாம். ஒளி படும் பக்கம் அடர் பழுப்பு, நிழலில் நீலம் கலந்த கருமை. கருஞ்சிறுத்தை, கறுப்பு நாய் ஆகியவற்றுக்கும் இதுவே. அங்கே முடி என்று வரைவது எல்லாமே ஒளி பட்ட முடி மட்டும்தான்.

பிளெண்ட்பிரியர்

பிரஷ் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். நீண்ட, ஒழுங்கான முடிக்குப் பிளெண்டை மிஞ்ச எதுவும் இல்லை. குதிரைப் பிடரி, சிங்கப் பிடரி, நாயின் காது எல்லாம் அப்படித்தான். வெவ்வேறு வளைவில் மூன்று கோடுகள், ஒவ்வொன்றுக்கும் நுனி மெலியும் விட்த் ப்ரொஃபைல், நிறம் அடர், நடு, வெளிர். பிளெண்ட் ஆப்ஷனில் ஸ்பெசிஃபைடு ஸ்டெப்ஸ் 12 முதல் 20. நடுக்கோட்டை இழுத்தால் மொத்தக் கற்றையும் கூடவே வளையும். பிரஷ்ஷில் இந்த வசதி கிடையாது.

கற்றை நடுவில் முறுக்கிக்கொண்டால் ஒரு கோடு வேரிலிருந்து நுனிக்கும் இன்னொன்று நுனியிலிருந்து வேருக்கும் வரையப்பட்டிருக்கிறது என்று பொருள். மெனு வழியாகப் பிளெண்ட் செய்யாமல், பிளெண்ட் டூலை எடுத்து ஒவ்வொரு கோட்டிலும் வேர்ப்புள்ளியையே சொடுக்குங்கள், சரியாகிவிடும்.

கற்றைபிரஷ்

பிளெண்ட் வாரி விட்ட தலை மாதிரி சீரா இருக்குமே, அதுதான் பிரச்சினை.

பிளெண்ட்பிரியர்

அதற்குத்தான் எக்ஸ்பாண்ட் (தனித்தனி வடிவங்களாக மாற்றுவது) இருக்கிறது. எக்ஸ்பாண்ட் செய்து, குழுவைப் பிரித்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்ம் ஈச். அளவு 80 முதல் 90 சதவீதம், சுழற்சி 4 முதல் 6 டிகிரி, ராண்டம் டிக். குழுவாகவே விட்டால் மொத்தத்தையும் ஒரே பொருளாக எண்ணிச் சேர்த்துத் திருப்பிவிடும். இன்னொரு பொறி: சுழலும் மையம் ஒவ்வொரு கோட்டையும் சூழ்ந்த கட்டத்தின் ஒன்பது புள்ளிகளில் ஒன்று. வேர் இடப்பக்கம் கீழே இருந்தால் அந்த மூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் விட்டால் வேர்கள் இடம் பெயர்ந்து சிதறும். எதிரெதிர் திசையில் ஓடும் கற்றைகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து இதைச் செய்ய முடியாது. ஒரு கற்றை முடித்து அடுத்தது.

பிறகு கையால் பத்துப் பதினைந்து முடியை மட்டும் குறுக்கே ஓட விடுங்கள். அந்தச் சில முடிதான் கண்ணை ஏமாற்றுகிறது.

மெஷ்பித்தன்

மெஷ்ஷை யாருமே கண்டுக்கலையே! ரோமத்துக்கு வேண்டாம், சரி. மூக்குத் தோல், கண்ணு, நாக்கு, குட்டை ரோமக் குதிரையோட தோள்பட்டை, இதுக்கெல்லாம் மெஷ்தான். குதிரை பளபளன்னு இருக்கிறது முடியால இல்ல, தசையோட வளைவால. வளைவை மெஷ்ல முடிச்சுட்டு, ஒளி நிழலா மாறுற எல்லையில மட்டும் குட்டை முடி போட்டாப் போதும்.

மூக்கோட வெளிவரையை அப்படியே மெஷ்ஷா மாத்தாதீங்க. வளைஞ்ச வடிவத்துல வலைக்கோடு தாறுமாறா ஓடும். ஒரு செவ்வகம் போட்டு, கிரியேட் கிரேடியன்ட் மெஷ்ல 4 வரிசை, 4 நெடுவரிசை. புள்ளிகளை டைரக்ட் செலெக்‌ஷன்ல இழுத்து மூக்கு வடிவத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் வெளிவரையைக் கிளிப்பிங் மாஸ்க்கா (வெளியே நீள்றதை மறைக்கிற வடிவம்) போடுங்க. நாசித் துவாரத்தை ஓட்டையா வெட்டி காம்பவுண்ட் பாத் ஆக்கினா மெஷ் ஏறவே ஏறாது. துவாரம் மேல தனி வடிவமா உட்காரட்டும். மூக்குத் தோல் வழவழன்னு இருக்காது, சின்னச் சின்ன மேடு. அடர் நிறத்துல ஒழுங்கில்லாத சிறு வட்டங்கள் ஸ்கேட்டர் பிரஷ்ல, ஒபாசிட்டி 20, மல்டிப்ளை (அடியில இருக்கிறதைக் கருமையாக்குற கலப்பு). அதையே நகல் எடுத்து ஒரு பிக்சல் நகர்த்தி வெளிர் நிறத்துல ஸ்கிரீன் (வெளிச்சமாக்குற கலப்பு).

அச்சுக்கண்

மெஷ் பற்றி ஒரு எச்சரிக்கை. எஸ்விஜி (இணையத்துக்கான வெக்டர் கோப்பு) கேட்கும் வேலையென்றால் இல்லஸ்ட்ரேட்டரின் மெஷ் ராஸ்டர் (பிக்சல்) படமாகத்தான் வெளியேறும். அப்போது பெரிதாக்கினால் பிசிறும். இங்க்ஸ்கேப் (இலவச வெக்டர் மென்பொருள்) மெஷ்ஷும் உலாவிகளில் நேரடியாகத் தெரியாது. எஸ்விஜிக்கு மெஷ் இருந்த இடத்தில் இரண்டு வடிவங்களுக்கு இடையே 25–30 ஸ்டெப் பிளெண்ட் வையுங்கள். பிடிஎஃப் போதுமென்றால் மெஷ் தாராளமாகப் போகலாம்.

புதுக்கோடு

புலிக்கு விடை கிடைத்தது. அடுத்ததாக யானையும் மலைப்பாம்பும் இருக்கின்றன. யானைத் தோலுக்கு இங்க்ஸ்கேப்பின் வொரோனாய் பேட்டர்ன் (இடத்தை ஒழுங்கற்ற பலகோணக் கட்டங்களாகப் பிரிப்பது) போதுமா?

செதிலடுக்கு

முகம் நிறைய வொரோனாய் போட்டால் யானை காய்ந்த ஏரியாகிவிடும். யானைத் தோலில் இரண்டு வேறு விஷயங்கள் உண்டு. ஒன்று பெரிய மடிப்பு: மூட்டு வளையும் இடங்களிலும் துதிக்கைக்குக் குறுக்கேயும் அசைவுக்குச் செங்குத்தாக ஓடுவது. இதைக் கையால்தான் வரைய வேண்டும். இன்னொன்று நுண்வெடிப்பு. ஆப்பிரிக்க யானையின் இந்த வெடிப்புகள் தோல் சுருங்கியதால் வந்தவை அல்ல, தடித்த மேல்தோல் அடியிலுள்ள நுண் மேடுகளின்மேல் வளைந்து முறிவதால் வருபவை என்று 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால்தான் அவை மூடிய கட்டங்களாக இல்லாமல், கிளைவிட்டு நடுவிலேயே நின்றும் போகின்றன. வொரோனாய் எல்லாக் கட்டத்தையும் மூடிவிடுகிறது. வேண்டுமானால் அதை அடிப்படையாக வைத்து, பாதையாக மாற்றி, மூன்றில் ஒரு கோட்டை அழித்துவிட்டு, மீதியை மடிப்பின் திசையில் 150 சதவீதம் நீட்டிப் பயன்படுத்தலாம். ஆசிய யானையின் தோல் இதைவிட வழவழப்பு. நுண்வெடிப்பை இன்னும் குறையுங்கள்.

ஒவ்வொரு சுருக்கத்துக்கும் இரண்டு கோடு வேண்டும்: அடர் கோடு, அதை ஒட்டி ஒரு பிக்சல் தள்ளி மெல்லிய வெளிர் கோடு. எந்தப் பக்கம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒளி மேலிருந்து வந்தால் பள்ளத்தின் கீழ் உதட்டில்தான் அது படும், ஆகவே வெளிர் கோடு அடர் கோட்டுக்குக் கீழே. மேலே வைத்தால் பள்ளம் மேடாகி, தோல் முழுக்க நரம்பு புடைத்ததுபோல் ஆகிவிடும்.

மலைப்பாம்புக்குப் பேட்டர்ன். சாய்சதுரச் செதில் ஒன்று வரைந்து, பேட்டர்ன் ஆப்ஷன்ஸ் பேனலில் டைல் டைப் பிரிக் பை ரோ. செதிலின் வாற்பக்க முனை அடுத்த செதிலின்மேல் படிய வேண்டும், ஆகவே ஓவர்லேப் திசையைத் தலைப்பக்கம் மேலே வருமாறு மாற்றுங்கள். இதை ஒரு நீள்செவ்வகத்தில் நிரப்பி, என்வலப் டிஸ்டார்ட்டில் மெஷ் போட்டு உடலின் வளைவுக்கு வளைக்க வேண்டும். வளைத்ததும் சட்டம் மட்டும் வளைந்து செதில்கள் நேராகவே நின்றால் என்வலப் ஆப்ஷன்ஸில் டிஸ்டார்ட் பேட்டர்ன் ஃபில்ஸ் டிக் ஆகவில்லை என்று அர்த்தம்.

உடலின் ஓரத்தை நெருங்க நெருங்கச் செதிலின் அகலம் குறுக வேண்டும், நீளம் மாறாது. இதைத் தவறவிட்டால் பாம்பு உருளையாகத் தெரியாமல் பட்டையாகக் கிடக்கும். வயிற்றை ஒட்டிய கடைசி வரிசைச் செதில்கள் முதுகுச் செதிலைவிடப் பெரியவை. வயிற்றில் குறுக்கே அகன்ற தகடுகள் ஒரே வரிசை. அதைப் பேட்டர்ன் பிரஷ்ஷில் தனியாகச் செய்யுங்கள். பேட்டர்ன் பிரஷ் கூர்மையான வளைவில் உள்பக்கம் நெரிந்து வெளிப்பக்கம் இழுபடும். வளைவு கடினமான இடத்தில் பாதையை வெட்டி இரண்டாக்கி, இணைப்பை ஒரு நிழலில் மறைத்துவிடலாம்.

முதலை கேட்கவில்லை, ஆனாலும்: அதன் உடல் செதில்கள் வரிசை தவறாதவை, முகத்துச் செதில்கள் அப்படியல்ல. முகத்தில் வளரும்போது தோல் வெடித்து உண்டாகும் பலகோணங்கள் அவை என்று 2013-ல் ஆய்வு வந்தது; வெடிப்பதால் அல்ல, வளரும் தோல் நெருக்கி மடிவதால் என்று 2024-ல் வந்த ஆய்வு திருத்தியது. இடமும் வலமும் ஒத்துப்போகாது. பாதி முகம் வரைந்து ரிஃப்ளெக்ட் செய்தால் பொம்மை முதலைதான் கிடைக்கும். உங்கள் வொரோனாய்க்கு உண்மையான இடம் இதுதான்.

புதுக்கோடு

இறகுக்கும் பிளெண்ட்தானே?

செதிலடுக்கு

ஆமாம். நடுத்தண்டு ஒன்று, ஒரு பக்கத்துக்கு மூன்று இழைக்கோடுகள், 40 ஸ்டெப். அடியில் இழை தண்டிலிருந்து 45 டிகிரி விலகட்டும், நுனிக்குப் போகப் போக 20-க்கு வரட்டும். பறப்பதற்கான இறகென்றால் இரண்டு பக்கமும் ஒரே அகலமாக வைக்க வேண்டாம். காற்றை வெட்டும் பக்கம் குறுகலானது. எக்ஸ்பாண்ட் செய்த பின் இரண்டு மூன்று இடங்களில் இழைகளைப் பிரித்து வைத்தால் போதும்.

இங்க்ஸ்கேப்வாசி

இல்லஸ்ட்ரேட்டர் இல்லாதவங்களுக்கு: பென்சில் டூல்ல ஷேப் பெட்டியில ஃப்ரம் கிளிப்போர்டு இருக்கு. ஒரு முடிக் கற்றையை நகல் எடுத்துட்டு அதைத் தேர்ந்தா, வரையுற ஒவ்வொரு கோடும் அந்தக் கற்றையா மாறும். பிளெண்டுக்கு இணை எக்ஸ்டென்ஷன்ஸ், ஜெனரேட் ஃப்ரம் பாத், இன்டர்போலேட். கோடு முறுக்கினா நோடு டூல்ல ஷிஃப்ட்+ஆர் திசையைத் திருப்பும். சீர்குலைக்க ட்வீக் டூல். ஃபோர்ஸ் 10-க்கு மேல வேண்டாம். அதோட நிறத்தைச் சிதறடிக்கிற மோடுல ஒரு தடவை தடவினா ஒரே நிற முடி நூறு சாயலாகும். இதுக்கு நேரான வசதி இல்லஸ்ட்ரேட்டர்ல கையோட கிடையாது!

டர்புலன்ஸ் ஃபில்டரை (ஒழுங்கில்லாத திட்டுத் திட்டான இழைநயம் உண்டாக்குறது) கிடையா ஒரு அலைவரிசை, நெடுக்கா இன்னொன்னுன்னு இழுத்து ரோமம் மாதிரி ஆக்கலாம். ஆனா ஒரே திசைதான் வரும். தூரத்து விலங்குக்கு மட்டும்.

புதுக்கோடு

போட்டோவை இமேஜ் ட்ரேஸ் (தானாக வெக்டராக மாற்றுவது) செய்து முடியை எடுத்துக்கொள்ளலாமா?

கற்றைபிரஷ்

வேண்டாம். ட்ரேஸ் நிறத் திட்டுகளைத்தான் பிரிக்கும், முடியை அடையாளம் காணாது. திட்டுகளோட ஓரம் முடியோட திசையில ஓடாது.

அச்சுக்கண்

ஃபைல் கனம் பற்றி யாரும் சொல்லவில்லை. 4000 ஸ்ட்ரோக், ஒவ்வொன்றும் ஏழு முடிக் கற்றை, முடிக்கு மூன்று புள்ளி: எக்ஸ்பாண்ட் செய்தால் குறைந்தது 84,000 ஆங்கர் பாயின்ட். ஆகவே கடைசிவரை எக்ஸ்பாண்ட் செய்யாதீர்கள். காது, நெற்றி, கன்னம் என்று தனித்தனி லேயர். வேலை செய்யாததை அணைத்து வையுங்கள். கண்ட்ரோல்+ஒய் அழுத்தி அவுட்லைனில் தேர்வு செய்து, பிறகு திரும்புங்கள். எக்ஸ்பாண்ட் செய்த ஃபைலை வேறு பெயரில் சேமியுங்கள்.

ஒவ்வொரு முடிக்கும் மல்டிப்ளை போடுவது இன்னொரு கனம். முடி நூறையும் குழுவாக்கி, குழுவுக்கு ஒரு முறை மல்டிப்ளை. அச்சுக்கு ஒளி ஊடுருவலைத் தட்டையாக்கும்போது வடிவங்கள் சந்திக்கும் இடங்களில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியக்கூடும். பெரும்பாலும் அது திரையில் மட்டும் தெரிவது. 800 சதவீதம் ஜூம் செய்தும் அதே மெல்லிசாக நின்றால் கவலைப்பட வேண்டாம். 0.25 பாயின்டுக்குக் கீழே எந்த முடியும் வேண்டாம். அடர் பின்னணியில் வெள்ளை முடி என்றால் 0.5, மை பரவி அதை மூடிவிடும்.

புதுக்கோடு

மீசை மட்டும் பாக்கி. வெள்ளைக் கன்னத்தில் வெள்ளை மீசை தெரியவே இல்லை.

வளைகோடு

மீசை கண்டபடி முளைப்பதில்லை. மேலுதட்டுத் திண்டில் கரும்புள்ளி வரிசைகளிலிருந்து கிளம்புகிறது. முதலில் ஒரு பக்கத்துக்கு நாலு வரிசைப் புள்ளிகள், பிறகு அவற்றில் சிலவற்றிலிருந்து மட்டும் மீசை. உங்கள் அளவுக்கு வேரில் 6 பிக்சல், நுனியில் ஒன்றுக்கும் கீழே மெலியும் ப்ரொஃபைல். ஒவ்வொன்றையும் நகல் எடுத்துக் கீழே அனுப்பி, 4 பிக்சல் இறக்கி, சாம்பல் பழுப்பில் மல்டிப்ளை 35 வையுங்கள். நகலின் வேர் மட்டும் அசல் வேரிலேயே நிற்க வேண்டும், நுனி விலகட்டும். அப்போதுதான் மீசை கன்னத்தைத் தொடாமல் காற்றில் நீண்டு நிற்கும். கன்னத்தைத் தாண்டி இருண்ட பின்னணிக்குள் போகும் பகுதியில் நகலை வெட்டிவிடுங்கள்.